ஒன்பதாம் அத்தியாயம்: ஞாபகம் அற்றவரின் அந்திமகாலம்

மறதிநோய் கண்ட முதியவரைக் குளிப்பாட்டுவது எப்படி, வாசற்படி தாண்டித் தெருவில் இறங்கிவிடாமல் காப்பது எப்படி, சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று இரவெல்லாம் கேட்பவருக்கு மறுமொழி சொல்வது எப்படி என்பவற்றை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். இனிப் பேசவேண்டியதோ, குடும்பங்களில் எவரும் உரக்கப் பேசாத விஷயம். புற்றுநோய் என்றால் வைத்தியர் வாய் திறக்குமுன்பே வீட்டார் முடிவை ஊகித்துக்கொள்கிறார்கள். மறதிநோயாகிய டிமென்ஷியா என்றாலோ, அது முதுமையில் வரும் புத்தித் தடுமாற்றம் என்ற அளவிலேயே மனம் நின்றுவிடுகிறது. "ஞாபகம்தானே போச்சு, உடம்புக்கு ஒண்ணுமில்லையே" என்று சொல்லும் பிள்ளைகள் பலரை நான் கண்டிருக்கிறேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்பது சரியன்று. காலை எடுத்து வைப்பதும், வாயில் இட்ட கவளத்தைத் தொண்டைக்குள் தள்ளுவதும், நெஞ்சில் கட்டிய கோழையை இருமி வெளியேற்றுவதும் மூளையின் ஏவலால் நடக்கும் காரியங்களே ஆகையால், ஞாபகசக்தியை முதலில் தின்ற நோய் காலக்கிரமத்தில் இவற்றையும் தின்று, இறுதியில் உயிரையும் கொண்டுபோகிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சார்ந்த பராமரிப்பு இல்லங்களில், நோய் முற்றிய 323 பேரைப் பதினெட்டு மாதம் தொடர்ந்து கவனித்து 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அந்தக் காலத்துக்குள் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துபோனார்கள்; நூற்றுக்கு 86 பேருக்கு உண்பதில் தொல்லை ஏற்பட்டது; நூற்றுக்கு 41 பேருக்கு நிமோனியா கண்டது. இவற்றைக் காட்டிலும் என் மனத்தில் தைத்த செய்தி வேறொன்று. இந்த நோய் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எந்தக் குடும்பத்தார் முன்னரே அறிந்திருந்தார்களோ, அந்தக் குடும்பத்து நோயாளிகள் தங்கள் கடைசி மூன்று மாதங்களில் ஆஸ்பத்திரிக்கும் குழாய்க்கும் ஊசிக்குமாக அலைக்கழிக்கப்படுவது மிகவும் குறைந்திருந்தது. மருந்து ஒன்றும் புதிதாகக் கொடுக்கவில்லை. நடக்கப்போவது இன்னது என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே, கடைசிப் படி வந்துவிட்டதை எவ்வாறு அறிவது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வைத்தியர் பாரி ரைஸ்பர்க் வகுத்த ஏழு படிகளில் ஏழாவது படி, பேச்சு ஐந்தாறு சொற்களாகச் சுருங்குவதில் தொடங்குகிறது. அப்புறம் ஒரே சொல். அப்புறம் நடை போகிறது. பிறகு பிடிமானமில்லாமல் உட்கார முடிவதில்லை. அதற்கும் பிறகே சிரிப்பு மறைந்து, இறுதியில் தலை நிற்காமல் சாய்கிறது. நடையும் இருப்பும் போன பிற்பாடும் சிரிப்பு சில காலம் தங்கியிருக்கிறது என்பதைப் பணிவிடை செய்வோர் கவனத்தில் வைக்கவேண்டும். கட்டிலருகே சென்று முகம் காட்டிச் சிரிப்பது வீண் வேலையன்று. இவற்றோடு அடிக்கடி காய்ச்சல், உடல் மெலிவு, ஆறாத படுக்கைப்புண், விழுங்கும்போது புரையேறுதல் ஆகியவையும் சேருமானால், மாதங்களைத்தான் எண்ணவேண்டும், வருஷங்களை அன்று. திட்டமான நாளை எந்த வைத்தியராலும் சொல்ல இயலாது; ஆனால் "இன்னும் ஒரு வருஷத்துக்குள் இவர் காலமானால் ஆச்சரியப்படுவீர்களா?" என்று வைத்தியரைக் கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால் அதுவே பதில்.

இந்தப் பதில் கிடைத்தவுடன் குடும்பத்தார் அனைவரும் ஒருமுறை கூடி உட்கார்ந்து பேசுவது அவசியம். இரவும் பகலும் மலஜலம் எடுப்பவர் ஒருவர், செலவுக்குப் பணம் அனுப்புகிறவர் ஒருவர், முடிவு சொல்ல உரிமை கொண்டாடுகிறவர் ஒருவர் என்று இருப்பதுதான் பெரும்பாலான வீடுகளின் ஸ்திதி. பல வருஷம் வராதிருந்து, கடைசி வாரத்தில் விமானத்திலிருந்து இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, எல்லாம் செய்யுங்கள்" என்று உத்தரவிடும் பிள்ளையைத் தமிழ்நாட்டு வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உடனிருந்து பார்க்காத குற்றவுணர்ச்சிதான் அவ்வாறு பேசவைக்கிறது. அவருக்கு முன்கூட்டியே தொலைபேசியில் தாயாரைக் காட்டி, எவ்வளவு மெலிந்துவிட்டார் என்பதை மாதந்தோறும் அறிவித்துக்கொண்டிருந்தால், கடைசி வாரச் சண்டையில் பாதி தணிந்துவிடும். கூடிப் பேசும்போது, "அம்மாவை என்ன செய்யலாம்?" என்று கேட்காமல், "இதே நிலையில் தன் மாமியார் படுத்திருந்தபோது அம்மா என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். அநேகமாக யாரேனும் ஒருவருக்கு அது நினைவிருக்கும். தம்முடைய விருப்பத்தைத் தாமே சொல்லமுடியாதவரின் சார்பில் பேச, அதைவிடத் தகுந்த சாட்சியம் வேறு கிடைப்பது அரிது.

நோய் தொடக்க நிலையில் இருக்கும் போதே இந்த நூலைக் கையில் எடுத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்குச் சட்டமும் ஒரு வழி திறந்திருக்கிறது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அளித்த தீர்ப்பின்படி, புத்தி தெளிவுடன் இருக்கும் வயதுவந்த எவரும், பின்னால் தேறமுடியாத நிலை வந்தால் உயிரை வெறுமனே நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். முதலில் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் தேவையாக இருந்ததால் இது ஏட்டளவிலேயே நின்றது. 2023 ஜனவரியில் அந்த விதியைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜடெட் அதிகாரியின் சான்று போதும் என்றார்கள். பின்னர் அந்த வேளை வரும்போது, ஆஸ்பத்திரியில் அமையும் இரண்டு வைத்தியக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திரம் எழுதாதவர்களுக்கும், குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதே குழுக்களின் வழியாக முடிவெடுக்க இடமுண்டு. ஆனால் புத்தி மங்கியபின் எழுதிய பத்திரம் செல்லாது என்பதால், இந்த நோயில் தாமதம் என்பது உரிமையை இழப்பதே ஆகும். புத்தி மங்கிப் படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் பெருவிரலை மையில் தோய்த்துச் சொத்துப் பத்திரத்தில் ஒற்றி எடுக்கிற வழக்கத்தைப்பற்றியும் இங்கே ஒரு வார்த்தை: அது நோயாளிக்குச் செய்யும் அவமரியாதை மட்டுமன்று, சட்டத்தின் முன்பும் நிற்காது.

இனி உணவு. அந்திமகாலத்தில் குடும்பங்களை மிகுதியாக வதைப்பது வலியுமன்று, மரணபயமுமன்று; "சாப்பிடமாட்டேன் என்கிறாரே" என்ற ஏக்கந்தான். வந்தவரை முதலில் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும் சமூகத்தில், பெற்றவள் பட்டினி கிடக்கிறாள் என்ற எண்ணத்தைத் தாங்கும் நெஞ்சுரம் எவருக்கும் எளிதில் வராது. அந்தச் சமயத்தில்தான் மூக்கு வழியே வயிற்றுக்கு விடும் ரைல்ஸ் டியூபைப் பற்றிய பேச்சு எழுகிறது. விபத்தில் அடிபட்டவருக்கும், பக்கவாதத்தில் தற்காலிகமாக விழுங்க முடியாதவருக்கும் அந்தக் குழாய் உபகாரமானது என்பதில் ஐயமில்லை. முற்றிய மறதிநோயில் அது ஆயுளை நீட்டுவதில்லை, நிமோனியாவைத் தடுப்பதில்லை, புண்ணை ஆற்றுவதும் இல்லை என்பது பல ஆண்டு அனுபவத்தில் தெளிந்த முடிவு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல் குழாயைத் தவிர்த்துக் கையால் ஊட்டுவதையே பரிந்துரைத்தது. குழாய் எதற்கென்று அறியாத முதியவர் அதைப் பிடுங்குவார்; பிடுங்காதிருக்கக் கையைக் கட்டிலோடு கட்டுவார்கள். மூளை தேய்ந்து உயிர் ஒடுங்கத் தொடங்கியிருப்பதால்தான் அவருக்குப் பசி அடங்குகிறது. உண்ணாததால் அவர் ஒடுங்கவில்லை. இந்த முன்பின் விளங்கிவிட்டால் மனச்சுமை பெரிதும் இறங்கும்.

கையால் ஊட்டுவது என்றால் என்ன என்பதைக் கும்பகோணத்துக்கு அருகில் ஒரு வீட்டில் நான் கண்டவாறு எழுதுகிறேன். நோயைக் குணமாக்க அன்றி, வலியையும் தொல்லையையும் தணிக்கத் தரும் ஆதரவு சிகிச்சைக் குழுவோடு சென்றிருந்தேன். எண்பது கடந்த அம்மையாருக்கு எஞ்சியிருந்தது ஒரே சொல்: "சாப்பிட்டியா?" மருமகள் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, மோவாய் சற்றே கீழ்நோக்கி இருக்கும்படி அமர்த்திவிட்டு, தானும் நின்றுகொண்டிராமல் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள். டிவியை நிறுத்தினாள். கிண்ணத்தில் இருந்தது குழைய வடித்த சோற்றைப் பருப்போடும் நெய்யோடும் மசித்த கூழ். தண்ணீராக ஓடவும் இல்லை, கட்டியாக நிற்கவும் இல்லை. சின்ன ஸ்பூனில் பாதி எடுத்து முதலில் கீழுதட்டைத் தொட்டாள். வாய் திறந்தது. வைத்தபின் அவசரப்படவில்லை; தொண்டை மேடு ஏறி இறங்குகிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறி இறங்கியது. "இன்னொரு வாய் அத்தை" என்றாள். "சாப்பிட்டியா?" என்றார் அம்மையார். "ஆச்சு அத்தை, நீங்க சாப்பிடுங்க." பன்னிரண்டு ஸ்பூன் ஆவதற்கு நாற்பது நிமிஷம் பிடித்தது. பதின்மூன்றாவதற்கு உதடு இறுகிவிட்டது. மருமகள் வற்புறுத்தாமல் கிண்ணத்தை எடுத்துவிட்டாள். கூடத்தில் நின்றிருந்த மகன், "இதெல்லாம் என்ன பத்தும் ஐயா, டியூப் போட்டா தெம்பு வருமே?" என்று என்னைக் கேட்டார். அந்தப் பன்னிரண்டு ஸ்பூனில் உடலுக்குப் போவது சொற்பந்தான். ஆனால் நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிஷம், ஒரு மனித முகம் அவருடைய முகத்துக்கு எதிரே இருக்கிறது. குழாய் வந்துவிட்டால் அதுவும் இல்லாமற்போகும் என்று சொன்னேன். மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்த ஒரு வேளையையாவது இவரைப் பாத்துக்கச் சொல்லுங்க ஐயா" என்றாள். மறுநாள் முதல் இரவுவேளை மகனுடையதாயிற்று.

இதில் அறியவேண்டிய நுட்பங்கள் சிலவே. தூக்கக் கலக்கத்தில் ஊட்டக்கூடாது. படுத்த வாக்கில் கூடவே கூடாது. பாலாடையால் வாயில் ஊற்றுவது குழந்தைக்குச் சரி, இவர்களுக்கு ஆகாது. வெறும் தண்ணீர்தான் பெரும்பாலும் புரையேற்றும்; கஞ்சியாகவோ கூழாகவோ சற்றுக் கெட்டியாகக் கொடுத்தால் இறங்கும். ஊட்டியபின் அரைமணி நேரம் சாய்த்து உட்காரவைத்து, கன்னத்தில் மிச்சம் அடங்கியிருக்கிறதா என்று விரலில் துணி சுற்றிப் பார்க்கவேண்டும். சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்ற பத்தியங்களை இந்த நிலையில் வைத்தியரைக் கேட்டுத் தளர்த்திவிடலாம். ஒரு ஸ்பூன் பாயசத்தால் இனி ஒன்றும் கெட்டுவிடாது.

வலியைப் பற்றிய அறியாமை இதற்கு அடுத்தபடியானது. "வலிக்கிறது" என்று சொல்லும் சொல் போய்விட்டதால் வலியும் போய்விட்டதாக எண்ணிவிடுகிறோம். மூச்சின் போக்கு, முனகல், முகச்சுளிப்பு, உடம்பின் இறுக்கம், தட்டிக்கொடுத்தால் அடங்குகிறாரா என்பது ஆகிய ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சைபர் முதல் இரண்டு வரை மதிப்பெண் இட்டு வலியை அளக்கும் முறை 2003 முதல் வழக்கில் இருக்கிறது. காகிதத்தில் எழுதாவிட்டாலும், துணி மாற்றப் புரட்டும்போது முகத்தைப் பாருங்கள். அடிக்கிறார், கடிக்கிறார், இரவெல்லாம் கத்துகிறார் என்று தூக்க மருந்து கேட்கும் வீடுகளில், காரணம் பல சமயங்களில் பல்வலியோ, முழங்கால் வலியோ, ஒரு வாரமாக மலம் போகாததோ, சிறுநீர் அடைத்திருப்பதோதான். நார்வே நாட்டில் 352 பேரைக் கொண்டு செய்து 2011-இல் வெளியான ஆய்வில், பாராசிட்டமால் தொடங்கிப் படிப்படியாக வலிக்கு முறையாக மருந்து கொடுத்ததுமே கொந்தளிப்பு கணிசமாகக் குறைந்தது. பாராசிட்டமாலுக்கு அடங்காத வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மார்ஃபின் இருக்கிறது. அதன் பெயரைக் கேட்டு அஞ்சுகிறவர்கள் வைத்தியர்களிடையேயும் உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதைக் கிடைத்தற்கரியதாக்கி வைத்திருந்து, 2014-இல்தான் தளர்ந்தது. பழகிய வைத்தியர் சிறு அளவில் கொடுக்கும் மார்ஃபின் உயிரைப் பறிப்பதில்லை. மலச்சிக்கலை உண்டாக்கும், ஆதலால் அதற்கும் கூடவே மருந்து கேட்டு வாங்குங்கள்.

மறதிநோயின் ஒரு வகையை 1906-இல் முதன்முதலாக உலகுக்கு விவரித்தவர் ஜெர்மானிய வைத்தியர் அலாய்ஸ் அல்ஸைமர். அவர் கண்ட நோயாளியான அகஸ்தே டீட்டர் என்ற பெண்மணி மாண்டது, படுக்கைப்புண்ணிலிருந்து இரத்தத்தில் விஷம் ஏறியதால். நூற்றுப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் வீடுகளில் அதே புண் வருகிறது. இரண்டு மணிக்கொரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதும், இழுக்காமல் விரிப்போடு தூக்கி நகர்த்துவதும், குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்கடியில் தலையணை வைப்பதும், ஈரத்தை உடனே மாற்றுவதுமே தடுப்பு. காற்றுப் படுக்கை உதவும். ஆனால் அதை வாங்கிப் போட்டுவிட்டுப் புரட்டுவதை நிறுத்தினால் பயனில்லை.

காய்ச்சல் கண்டதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்ற கேள்வி பலமுறை வரும். எலும்பு முறிவு, அடங்காத வலி, வீட்டில் அடக்கமுடியாத மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்குப் போகத்தான் வேண்டும். மற்றபடி, புதிய இடமும் விளக்கு வெளிச்சமும் அந்நிய முகங்களும் இவர்களைக் கலங்கடிப்பதால், வீட்டில் கொடுக்கக்கூடிய மருந்தை வீட்டிலேயே கொடுப்பது நலம் என்பது என் அபிப்பிராயம். ஐ.சி.யு.விலிருந்து அழைத்துவர முடிவு செய்தால், "மருத்துவ ஆலோசனைக்கு மாறாக" என்ற காகிதத்தில் கையெழுத்திட்டுக் குற்றவாளியைப்போல வெளியேறவேண்டியதில்லை. ஆதரவு சிகிச்சைக்காக வீட்டுக்கு அனுப்புவதாகவும், வலிக்கும் மூச்சுக்கும் இன்ன மருந்து என்றும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தருமாறு கேளுங்கள்.

கடைசி நாட்களில் கைகால் குளிர்ந்து, முழங்காலில் நீலம் பாய்ந்து, மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் கோழை கரகரக்கும். கேட்பவருக்குத்தான் அது கொடுமை, பிரக்ஞை மங்கியவருக்கு அநேகமாகத் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் சற்று அடங்கும். இந்த வேளையில்தான் உறவினர் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றுவது நம்மவர் வழக்கம். ஊற்றிய பால் மூச்சுக்குழலுக்குள் போய், நிம்மதியாகப் பிரியவேண்டிய உயிரைத் திணறவைக்கும். வழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பஞ்சையோ விரல்நுனியையோ பாலில் தொட்டு உதட்டில் தடவினால் சடங்கும் நிறைவேறும், உதட்டுக்கும் ஈரமாகும். துளசி தீர்த்தத்துக்கும் ஜம்ஜம் நீருக்கும் இதுவே முறை. "ஆசை அடங்காமல் இழுத்துக்கொண்டிருக்கிறது" என்று மண்ணைக் கரைத்தும் காசைக் கழுவியும் வாயில் விடுவதை மட்டும் அறவே தவிர்க்கவேண்டும்; மறதிநோயில் மண்ணாசையும் பொன்னாசையும் மற்ற ஞாபகங்களோடு எப்போதோ போய்விட்டன. திருவாசகமோ, யாஸீனோ, ஜெபமாலையோ, அவர் காதில் அறுபது வருஷம் விழுந்த ஓசை எதுவோ அதை மெல்ல ஒலிக்கவிடுங்கள்.

தலைக்கூத்தல் என்று தென்மாவட்டங்களில் சொல்லப்படுவதை இங்கே குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் கொடுத்து முதியவரின் முடிவை விரைவுபடுத்தும் அந்த வழக்கத்தைக் கருணை என்ற பெயரால் நியாயப்படுத்துவோர் இன்றும் இருக்கிறார்கள். பயனற்ற சிகிச்சையை நிறுத்திவிட்டு நோயை அதன் போக்கில் முடியவிடுவது ஒன்று. உயிரை நாமே முடிப்பது வேறொன்று. இரண்டாவது கொலை. ஆனால் அந்த வீடுகளுக்குள் போய்ப் பார்த்தால், கொடூரத்தைவிடக் களைப்பே மிகுதியாகக் காணப்படும் என்பதையும் சொல்லவேண்டும்.

களைத்தவர்களுக்குக் கைகொடுக்க அமைப்புகள் உண்டு. கோழிக்கோட்டில் 1993-இல் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கி, அக்கம்பக்கத்தாரே தொண்டர்களாகி வீடுவீடாகச் செல்லும் இயக்கமாக வளர்ந்த ஆதரவு சிகிச்சை, 2008-இல் கேரள அரசின் கொள்கையாகவே ஆயிற்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் கிடப்போரை வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

வீட்டில் மரணம் நேர்ந்தால், பார்த்துவந்த வைத்தியரிடம் மரணகாரணச் சான்று பெற்று, 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். மிஞ்சிய மார்ஃபின் மாத்திரைகளைக் கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். காற்றுப் படுக்கை வேறொரு வீட்டுக்கு உதவும். பணிவிடை செய்தவரைத்தான் எவரும் கணக்கில் எடுப்பதில்லை. "நல்ல சாவு, புண்ணியம் பண்ணினவர்" என்று வந்தவர்கள் சொல்லிச் செல்வார்கள். பணிவிடை செய்தவருக்கோ அழுகை வராது, அழுகையெல்லாம் முன்பே, நோயாளி பெயர் சொல்லி அழைக்க மறந்துபோன அந்த நாளில் தீர்ந்திருக்கும். "அப்பாடா" என்ற நிம்மதி ஒரு கணம் எழும். எழுந்ததற்காகத் தன்னையே வெறுப்பார். அந்த நிம்மதியில் பாவமேதும் இல்லையென்று யாராவது அவரிடம் சொல்லவேண்டும். பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வருஷக்கணக்காக இரவு இரண்டு மணிக்கு எழுந்து பழகியவர், காரியம் முடிந்த பின்னும் இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு வெறுங்கட்டிலைப் பார்ப்பார். பதினாறாம் நாளோடு வருகையை நிறுத்திக்கொள்ளாமல், அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவரை ஒருமுறை போய்ப் பார்த்துவருமாறு உறவினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.